டியூஷன்: பாடமா, பணமா? கட்டண விவரத்தாளைப் படிக்க ஒரு வழிகாட்டி

தமிழில் டியூஷன் என்றால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் தனியாகப் போய்ப் படிப்பது டியூஷன். 'பையன் டியூஷன் போயிருக்கான்', 'டியூஷன் மிஸ் இன்னிக்கு லீவு' என்று சொன்னால் போதும். யாழ்ப்பாணத்தில் அது நடக்கும் இடத்துக்கு டியூட்டரி என்றே பெயர். மலேசியாவில் மலாய் மொழியே இந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டு 'பூசாட் துயிஷென்' என்று பலகை மாட்டுகிறது.

சிக்கல் தொடங்குவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வரும்போது. 'ஃபுல் டியூஷன் வெய்வர்' (முழு டியூஷன் தள்ளுபடி) என்று அதில் ஒரு வரி இருக்கும். வீட்டில் எல்லோரும் 'எல்லாமே இலவசம்' என்று மகிழ்வார்கள். இரண்டு மாதம் கழித்து முதல் பில் வரும்போது அதில் ஆயிரக்கணக்கான டாலர் நிற்கும். பல்கலைக்கழகம் ஏமாற்றவில்லை. தான் எழுதிய சொல்லுக்கு அது கொடுத்த பொருள் வேறு, நாம் படித்த பொருள் வேறு. அந்த வரியைச் சரியாகப் படிக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் மூன்று பொருள்கள்

மூலம் லத்தீன். பார்த்துக்கொள்வது, காப்பது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ட்யூட்டர் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டியூஷன் என்றால் பாதுகாவல், பொறுப்பில் வைத்திருத்தல். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கற்பித்தலைக் குறிக்கத் தொடங்கியது. கற்பிப்பதற்கான பணம் 'டியூஷன் ஃபீஸ்' ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் பின்பாதியை உதிர்த்துவிட்டு, பணத்தையே டியூஷன் என்று அழைக்கத் தொடங்கினார்கள். பாதுகாவல் என்ற பொருள் இன்று வழக்கில் இல்லை. ஆகவே நாம் எதிர்கொள்வது மூன்று: கற்பித்தல், கற்பிப்பதற்கான கட்டணம், பள்ளிக்கு வெளியே நடக்கும் தனிப்பயிற்சி. மூன்றாவது முதல் பொருளின் ஒரு கிளைதான். ஆனால் தெற்காசியாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் அதுவே முதன்மைப் பொருளாகிவிட்டது.

முதல் படி: பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

அகராதியைத் திறக்கும் முன் அதே வாக்கியத்தில் என்ன வினை வருகிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

'பே', 'சார்ஜ்', 'ரெய்ஸ்', 'கவர்', 'வெய்வ்', 'ரீஃபண்ட்' போன்ற வினைகள் வந்தால் பேச்சு பணத்தைப் பற்றியது. 'கிவ்', 'ரிசீவ்', 'ப்ரொவைட்', 'ஆஃபர்' வந்தால் பெரும்பாலும் கற்பித்தலைப் பற்றியது. 'டியூஷன் இன்' என்று தொடங்கிப் பாடத்தின் பெயர் வந்தால் (கணிதத்தில், வயலினில்) அது கற்பித்தல்தான். 'டியூஷன் ஃபார்' என்று தொடங்கி 2026–27 போன்ற கல்வியாண்டோ பருவமோ வந்தால் பணம். 'ஒன்-டு-ஒன்', 'ஸ்மால் க்ரூப்', 'ஹோம்', 'ப்ரைவேட்' ஆகியவை முன்னால் வந்தால் கற்பித்தல். 'இன்-ஸ்டேட்', 'அவுட்-ஆஃப்-ஸ்டேட்', 'நான்-ரெசிடென்ட்', 'ஆனுவல்' வந்தால் சந்தேகமே வேண்டாம், பணம்தான்.

எல்லாவற்றையும்விட எளிய அடையாளம் 'டியூஷன் அண்டு ஃபீஸ்' என்ற இணைப்பு. இதைக் கண்டால் எழுதியவர் அமெரிக்க வழக்கில் எழுதுகிறார் என்று கொள்ளலாம். டியூஷனை ஒரு பணத்தொகையாகவும் ஃபீஸை அதிலிருந்து பிரிந்த இன்னொரு தொகையாகவும் அவர் எண்ணுகிறார். இடையில் 'அண்டு' இல்லாமல் 'டியூஷன் ஃபீஸ்' என்று இருந்தால் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்திய வழக்கு. அங்கே இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே தொகையைக் குறிக்கின்றன. இந்த 'அண்டு' சின்னச் சொல்தான், ஆனால் அதைக் கவனிக்காமல் கடப்பவர்கள்தான் பின்னால் பணத்துக்கு அலைகிறார்கள்.

'ஃப்ரீ டியூஷன்' என்ற தொடர் மட்டும் இரண்டு பக்கமும் போகும். இங்கிலாந்தில் ஒரு பள்ளி அப்படி எழுதினால் இலவசக் கூடுதல் வகுப்பு. அமெரிக்காவில் ஒரு கல்லூரி அப்படி எழுதினால் கட்டணம் இல்லை. பக்கத்துச் சொல் உதவாத இந்த மாதிரி இடங்களில் நாட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தாள் எந்த நாட்டுடையது?

அமெரிக்கா: தனிச்சொல்லாக வந்தால் பணம். கூடுதல் வகுப்புக்கு அங்கே 'ட்யூட்டரிங்' என்பார்கள். வருமான வரிக்காகக் கல்லூரிகள் தரும் 1098-டி படிவத்தின் பெயரே டியூஷன் ஸ்டேட்மென்ட். அதில் வருவது டியூஷனும் அதோடு தொடர்புடைய கட்டாயச் செலவுகளும் மட்டும். அறை வாடகையும் உணவும் காப்பீடும் வராது. ஆனால் படிப்புச் செலவுக்குப் பணம் சேர்க்கும் 529 சேமிப்புத் திட்டத்துக்குச் சட்டத்தில் 'குவாலிஃபைடு டியூஷன் ப்ரோக்ராம்' என்று பெயர். பெயரில் டியூஷன் மட்டும் இருந்தாலும், குறைந்தது பாதி நேர மாணவராக இருப்பவரின் அறை, உணவுச் செலவுக்கும் அந்தப் பணத்தை எடுக்கலாம். ஒரே நாட்டின் ஒரே வரிச் சட்டத்திலேயே இந்தச் சொல்லின் எல்லை இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பிரிட்டன்: தனிச்சொல்லாக வந்தால் கற்பித்தல். பணம் என்றால் 'டியூஷன் ஃபீ' என்று முழுமையாக எழுதுவார்கள். 2020-இல் இங்கிலாந்து அரசு தொடங்கிய தேசிய ட்யூட்டரிங் திட்டத்தில் பள்ளிகளுக்கு வகுப்பெடுக்க வந்த நிறுவனங்களை 'டியூஷன் பார்ட்னர்ஸ்' என்றே அழைத்தார்கள். பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்திலும் அப்படித்தான்: பள்ளிகளிலோ பல்கலைக்கழகங்களிலோ வழக்கமாகக் கற்பிக்கப்படும் பாடத்தை, யாரிடமும் ஊழியராக இல்லாமல் சுயமாக ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அந்த 'ப்ரைவேட் டியூஷ'னுக்கு வரி விலக்கு உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கோ 2025 ஜனவரி முதல் 20 சதவீத வரி. அதை அவர்கள் 'ஸ்கூல் ஃபீஸ்' என்பார்கள், டியூஷன் என்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கான சட்டமே டியூஷன் கட்டணம், டியூஷன் அல்லாத கட்டணம் என்று பிரித்துப் பேசுகிறது. 2012-இல் அமைந்த டியூஷன் ப்ரொடெக்‌ஷன் சர்வீஸ், கல்லூரி படிப்பை நடத்த முடியாமல் கைவிட்டால் வேறு கல்லூரிக்கு மாறவோ, இன்னும் கிடைக்காத பாடத்துக்கான பணத்தைத் திரும்பப் பெறவோ உதவுகிறது. அது காப்பது முன்கூட்டிக் கட்டிய கற்பிப்புக் கட்டணத்தை. விமான டிக்கெட்டுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் அது பொறுப்பல்ல.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் 'டியூஷன்-ஃப்ரீ' என்ற சொல்லை நம்பிக் கிளம்புகிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் பருவந்தோறும் 'செமஸ்டர்பைட்ராக்' என்ற பங்களிப்பு உண்டு. இடத்துக்கு இடம் மாறும், பொதுவாகச் சில நூறு யூரோ. மாணவர் நலச் சேவைக்கும், பல இடங்களில் பேருந்து ரயில் பயணச்சீட்டுக்கும் அது போகிறது. தவிர, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017–18 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024–25 குளிர்காலப் பருவம் முதல் அப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கட்டணம் வைத்திருக்கிறது. 'ஜெர்மனியில் இலவசம்' என்று பொதுவாகக் கேட்டதை வைத்து முடிவெடுக்காமல், சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்தே சரிபாருங்கள்.

சிங்கப்பூரில் இரண்டு பொருளும் ஒரே தெருவில் உலவுகின்றன. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே 'டியூஷன் சென்டர்' இருந்தால் அது நம் டியூஷன். கல்வி அமைச்சு 1980-இல் கொண்டுவந்த 'டியூஷன் கிராண்ட்' என்பதோ உயர்கல்விக் கட்டணத்துக்கான அரசு மானியம். வெளிநாட்டு மாணவர் அதை ஏற்றால் படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்வதற்கு முன் ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிடுங்கள். மானியத்தோடு மூன்றாண்டு வாழ்க்கையும் அதில் கட்டுண்டு கிடக்கிறது.

இந்தியச் சட்டங்களில் இரண்டையும் காணலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் 'ப்ரைவேட் டியூஷ'னில் ஈடுபடக் கூடாது என்கிறது. இது கற்பித்தல். வருமான வரிச் சட்டம் 'டியூஷன் ஃபீஸ்' என்கிறது. அது பணம், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

மூன்றாம் படி: டியூஷனுக்கு வெளியே என்ன நிற்கிறது?

பணம் என்று தெரிந்துவிட்டது. இனிமேல்தான் முக்கியமான வேலை. டியூஷன் என்பது மொத்தச் செலவு அல்ல. வகுப்பறைக்குள் நடக்கும் கற்பித்தலுக்கான தொகை மட்டும் அது. ஆய்வுக்கூடம், நூலகம், தொழில்நுட்பம், மாணவர் சங்கம், உடற்பயிற்சிக் கூடம், சுகாதாரம், வெளிநாட்டு மாணவர் சேவை என்று வரிசையாக 'ஃபீஸ்' பட்டியலில் வந்து நிற்கும். இவற்றில் பலவற்றைக் கட்டாமல் படிக்க முடியாது, 'மேண்டேட்டரி' என்றே எழுதியிருக்கும்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? பல அமெரிக்க மாநிலங்களில் டியூஷனை உயர்த்தச் சட்டமன்றமோ ஆளுகைக் குழுவோ ஒப்ப வேண்டும். கட்டணங்களை உயர்த்துவது கல்லூரிக்கு எளிது. அதனால் டியூஷன் அப்படியே இருக்க, ஃபீஸ் வளர்ந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் உள்மாநில மாணவர்களுக்கு டியூஷன் இல்லை என்ற கொள்கையைப் பெயரளவில் காத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் 'எஜுகேஷனல் ஃபீ' என்ற பெயரில் பணம் வாங்கியது. 2010 நவம்பரில்தான் அதன் ஆளுகைக் குழு அதை டியூஷன் என்று பெயர் மாற்றியது. மாசசூசெட்ஸில் ஜான் அண்டு அபிகெய்ல் ஆடம்ஸ் உதவித்தொகை, மாநிலக் கல்லூரிகளில் டியூஷனை மட்டும் தள்ளுபடி செய்கிறது, ஃபீஸைத் தொடுவதில்லை. அங்கே டியூஷன் சிறிய தொகையாகவும் ஃபீஸ் பெரிய தொகையாகவும் இருந்ததால், 'டியூஷன் இலவசம்' என்று கேட்டு வந்த குடும்பங்கள் பில்லைப் பார்த்துத் திகைத்தன.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். முதுநிலை மாணவர் ஒருவருக்குப் பருவத்துக்கு 9 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு), கிரெடிட்டுக்கு 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் பருவத்துக்கு 10,800, ஆண்டுக்கு 21,600 டாலர். கட்டாயக் கட்டணங்கள் பருவத்துக்கு 1,150. வெளிநாட்டு மாணவர் கட்டணம் பருவத்துக்கு 150. மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 3,000. முழு டியூஷன் தள்ளுபடி கிடைத்தால் 21,600 போய்விடும். மீதி 2,300, 300, 3,000 சேர்ந்து 5,600 டாலர் கைப்பணமாகக் கட்ட வேண்டும். இதில் வாடகை இல்லை, சாப்பாடு இல்லை, புத்தகம் இல்லை. தள்ளுபடிக் கடிதத்தை நம்பி, கடன் வாங்காமல் கிளம்பியவர் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அமெரிக்க விசாவுக்கான ஐ-20 படிவம் கையில் இருந்தால் அதன் முதல் பக்கத்தில் பணக் கட்டத்தைப் பாருங்கள். இடப்பக்கம் மதிப்பிட்ட செலவு: டியூஷனும் ஃபீஸும் ஒரே வரியில் சேர்ந்திருக்கும், கீழே வாழ்க்கைச் செலவு, கூட வருபவர்களின் செலவு, மற்றவை. வலப்பக்கம் பணம் வரும் வழி: சொந்தப் பணம், கல்லூரி தருவது, பிற. தள்ளுபடி கிடைத்தவர்களுக்கும் பெரும்பாலும் இடப்பக்கத்தில் முழு டியூஷன்தான் இருக்கும். தள்ளுபடித் தொகை வலப்பக்கத்தில் கல்லூரி தரும் பணமாகக் காட்டப்படும். இடப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம், வலப்பக்கத்தை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம். இன்னொன்று: செலவு மதிப்பீட்டின் தலைப்பிலேயே எத்தனை மாதத்துக்கு என்று எழுதியிருக்கும். 9 மாதம் என்றிருந்தால் கோடை விடுமுறை மூன்று மாதச் செலவு அதில் சேரவில்லை.

இந்தியாவிலும் இதே கதைதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) டியூஷன் கட்டண விலக்குத் திட்டத்தில் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 சதவீதம் கூடுதல் இடம் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விலக்கு கிடைப்பது டியூஷன் கட்டணத்துக்கு மட்டும். மற்ற கட்டணங்கள் எல்லாவற்றையும் மாணவர் கட்ட வேண்டும். சேர்ந்தபின் கல்லூரியையோ பாடப்பிரிவையோ மாற்றிக்கொள்ளவும் முடியாது. இரண்டாவது நிபந்தனை கலந்தாய்வு நேரத்தில் பலர் காதில் விழுவதேயில்லை.

நான்காம் படி: எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்துக்கு?

தொகையின் பக்கத்தில் அலகு இல்லாமல் எந்த எண்ணையும் குறித்துக்கொள்ளாதீர்கள். கிரெடிட்டுக்கா, பருவத்துக்கா, ஆண்டுக்கா, முழுப் படிப்புக்கா? பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு முழுத் தொகையே எழுதியிருக்கும். அமெரிக்காவில் கிரெடிட் கணக்கு அதிகம். பல கல்லூரிகள் இளநிலை மாணவருக்கு 12 கிரெடிட்டிலிருந்து குறிப்பிட்ட உச்சம் வரை ஒரே தொகை வாங்கும். அந்த உச்சத்தைத் தாண்டி ஒரு பாடம் எடுத்தால் தனிக் கட்டணம். சில துறைகளில், குறிப்பாக வணிக நிர்வாகத்திலும் பொறியியலிலும், கிரெடிட் விலையே வேறாக இருக்கும். பல்கலைக்கழகப் பொதுப்பக்கத்தில் இருக்கும் தொகை உங்கள் துறைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாருக்கான தொகை என்பதும் உண்டு. இங்கிலாந்தில் 2025–26 கல்வியாண்டில் உள்நாட்டு இளநிலை மாணவருக்கான உச்சவரம்பு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அந்த வரம்பு கிடையாது, கட்டணம் பல மடங்காக இருக்கலாம். ஒரு பழைய பக்கத்தில் 'ஹோம்' (உள்நாட்டு மாணவர்) பத்தியைப் பார்த்துவிட்டு வங்கிக் கடனுக்குப் போனவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு தொகை உயருமா, சேர்ந்த ஆண்டின் விலையே நிலைக்குமா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பிரிட்டிஷ் மாணவர் விசாவுக்குப் பணம் காட்டும்போது முதலாண்டுப் படிப்புக் கட்டணத்தில் இன்னும் கட்டாத மீதியும், வாழ்க்கைச் செலவுக்கு அதிகபட்சம் 9 மாதத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். முன்கட்டிய கட்டணம், பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்து தரும் சிஏஎஸ் ஆவணத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். ஏறாவிட்டால் கட்டியதையே மறுபடி காட்டச் சொல்வார்கள்.

கூட்டுச்சொற்கள்: ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாக்குறுதி

டியூஷன் வெய்வர், டியூஷன் ரெமிஷன் இரண்டும் ஏறக்குறைய ஒன்று: கல்லூரி தன் கட்டணத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறது, கையில் பணம் வராது. முழுதா, பகுதியா என்று பாருங்கள். 'அவுட்-ஆஃப்-ஸ்டேட் வெய்வர்' என்றால் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் மட்டும் போகும், உள்மாநிலத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். கற்பித்தல் உதவியாளர் வேலையோடு வரும் தள்ளுபடி, அந்த வேலை தொடரும் வரைதான். வேலை பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படுகிறதென்றால் தள்ளுபடியும் அப்படியே.

டியூஷன் ரீஇம்பர்ஸ்மென்ட் வேலை தருபவர் கொடுப்பது. முதலில் உங்கள் பணத்தைக் கட்ட வேண்டும், குறித்த மதிப்பெண்ணோடு தேறியபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். சீக்கிரம் வேலையை விட்டால் திருப்பித் தரச் சொல்லும் நிபந்தனை வழக்கமாக இருக்கும். அமெரிக்காவில் வேலை தருபவர் இப்படிக் கொடுப்பதில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லாமல் பெறலாம்.

டியூஷன் டெபாசிட் என்பது இடத்தைப் பிடித்துவைக்கும் முன்பணம். முதல் பில்லில் கழித்துக்கொள்வார்கள். சேராவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது.

டியூஷன் ஃபீ லோன் பிரிட்டிஷ் சொல். அந்தப் பணம் மாணவர் கையைத் தொடாமல் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும். வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டனன்ஸ் லோன் தனி.

இந்திய வருமான வரிக் கழிவு கோருகிறவர்களுக்கு

80சி பிரிவில் கழிவு கிடைக்கும் 'டியூஷன் ஃபீஸ்' என்ற வரிதான் தமிழ்நாட்டுப் பெற்றோர்களை அதிகம் குழப்புகிறது. (2026 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 123-ஆம் பிரிவு.) மாலையில் பிள்ளை போகும் டியூஷனுக்குக் கட்டிய பணம் இதில் சேராது. அந்தச் சொல்லை நாம் அன்றாடம் அந்தப் பொருளில் பயன்படுத்துவதால்தான் அலுவலகத்தில் டியூஷன் சென்டர் ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

சட்டம் சொல்வது இது: இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் அல்லது கல்வி நிறுவனத்துக்கு, அதிகபட்சம் இரண்டு பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்காகக் கட்டிய கற்பிப்புக் கட்டணம். வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, அதைப் போன்றவை வெளியே. பேருந்து, விடுதி, சீருடை, தாமத அபராதம் எதுவும் கற்பிப்புக் கட்டணம் ஆகாது. தன் படிப்புக்கோ கணவன் மனைவி படிப்புக்கோ கட்டியது சேராது. வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு எல்லாவற்றோடும் சேர்த்து மொத்த உச்சவரம்பு 1.5 லட்சம் ரூபாய். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

செய்ய வேண்டியது ஒன்று: பள்ளியில் 'மொத்தக் கட்டணம் 60,000' என்று ஒரே வரியில் ரசீது தந்தால் வாங்காதீர்கள். தலைப்புவாரியாகப் பிரித்து, கற்பிப்புக் கட்டணத்தைத் தனியே காட்டச் சொல்லுங்கள். கட்டிய தேதி எந்த நிதியாண்டில் விழுகிறதோ அந்த ஆண்டுக்குத்தான் கழிவு. ஏப்ரலில் கட்டிய தவணையை மார்ச் கணக்கில் காட்ட முடியாது.

பணம் திரும்ப வருமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் 'டியூஷன் ரீஃபண்ட்' அட்டவணை இருக்கும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் பாடத்தை விட்டால் முழுத் தொகை, பிறகு வாரவாரம் குறைந்துகொண்டே போகும். அந்த அட்டவணை டியூஷனுக்கு மட்டுமா, ஃபீஸுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பல இடங்களில் ஃபீஸ் திரும்பாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதியோ செலுத்திய மொத்தக் கட்டணத்தின் சதவீதத்தைப் பேசுகிறது, டியூஷனை மட்டும் அல்ல. சேர்க்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 30 நாள் தாண்டினால் எதுவும் கிடைக்காது. காப்புத்தொகை மட்டும் முழுதாகத் திரும்ப வர வேண்டும்.

கடிதம் எழுதிக் கேட்கும்போது

'டியூஷன் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். அதற்கு ஓர் எண் மட்டும் வரும். இப்படிக் கேளுங்கள்: என் துறையில், வெளிநாட்டு மாணவராக, முதல் பன்னிரண்டு மாதத்தில் பல்கலைக்கழகத்துக்கு நான் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு? தள்ளுபடிக்குப் பின் என் பெயரில் மிஞ்சும் கட்டாயக் கட்டணங்கள் எவை? காப்பீடு அதில் உண்டா, வெளியே வாங்கலாமா? தள்ளுபடி எத்தனை பருவத்துக்கு, எந்த மதிப்பெண் சராசரிக்குக் கீழே போனால் நிற்கும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் எழுதும்போது

தமிழில் 'சார் டியூஷன் எடுக்கிறார்' என்றால் அவர் சொல்லிக்கொடுக்கிறார். ஆங்கிலத்தில் 'டேக்' போட்டு அதையே எழுதினால், எடுப்பவர் மாணவராகிவிடுவார். பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், தானே கூடுதல் வகுப்புக்குப் போனதாகத் தன் விவரக்குறிப்பில் எழுதிவிடுகிறார். அமெரிக்கப் பேராசிரியருக்கு அந்த வரி அதைவிடவும் புரியாது. யாரிடமோ கட்டணம் வாங்கியதாக நினைக்கவும் இடமுண்டு. 'ட்யூட்டர்' என்ற வினையைப் பயன்படுத்துங்கள், எந்த நாட்டிலும் செல்லும்: பத்தாம் வகுப்பு மாணவர் பத்துப் பேருக்கு இரண்டாண்டு கணிதம் ட்யூட்டர் செய்தேன் என்ற வாக்கியத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. கடைசியில் 'ஸ்' சேர்த்து 'டியூஷன்ஸ்' என்று எழுதுவது இந்தியாவுக்குள் வழக்கம். வெளியே செல்லும் தாளில் அதைத் தவிருங்கள், அந்தச் சொல்லைப் பன்மையில் எழுதும் பழக்கம் அங்கே இல்லை.

தமிழில் மொழிபெயர்த்துத் தருபவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். கட்டணமானால் 'கற்பிப்புக் கட்டணம்' என்று எழுதுங்கள், அரசு ஆணைகளிலும் அந்தச் சொல் வழக்கில் உண்டு. 'கல்விக் கட்டணம்' என்று எழுதினால் விடுதி, தேர்வு, நூலகம் எல்லாம் உள்ளே வந்துவிட்டது போலத் தோன்றும். தனி வகுப்பானால் 'தனிப்பயிற்சி', அல்லது நேரே 'டியூஷன்'. வங்கிக்கும் தூதரகத்துக்கும் தரும் மொழிபெயர்ப்பில் ஒரே தாளுக்குள் இரண்டு சொல்லை மாற்றி மாற்றிப் போடாமல், முதல் வரியில் எதைத் தேர்ந்தீர்களோ அதையே கடைசி வரி வரை வையுங்கள். கட்டணத் தலைப்புகள் மூலத்தில் எத்தனை வரியோ மொழிபெயர்ப்பிலும் அத்தனை வரி இருக்க வேண்டும். இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினால் சரிபார்க்கும் அதிகாரி தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.